உப்பு மூட்டையின் எடைக்கு வைத்த ஸ்பிரிங்

ராயபுரத்தில் ஒரு மாதமாக என்னைப் பற்றி ஒரு பேச்சு உலாவுகிறது. கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டது... பெண்டாட்டியை ரயில்வே பார்சல் ஆபீசுக்குக் கூட்டிப் போய் எடை போட்டார்... என்று.

பேச்சு உண்மைதான். ஆனால் புத்தி பிசகியது இப்போது அல்ல. அது நடந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இப்போதுதான் கொஞ்சம் தெளிந்திருக்கிறது.

பார்சல் ஆபீஸ் மேடையில் பெரிய தராசு ஒன்று இருக்கிறது, தெரியுமல்லவா? தரையோடு தரையாக இரும்புப் பலகை. பக்கத்தில் நிற்கும் தண்டில் குண்டை நகர்த்தி நகர்த்தி எடை பார்ப்பார்கள். தராசுக்காரன் முனுசாமி. காசிமேட்டு மீன்கூடைகளை ஏற்றி இறக்கி, அவன் மேலும் அந்த வாசனை ஏறிவிட்டது.

கைவண்டியில் ஓர் உப்பு மூட்டை கொண்டு போயிருந்தேன். அதைத் தராசில் ஏற்றச் சொன்னேன்.

“எந்த ஊருக்குத் தொர?”

“எந்த ஊருக்கும் இல்லை. எடை மட்டும் போடு.”

குண்டை நகர்த்தினான். தண்டு சமமாக நின்றது. அந்த இடத்தில் தண்டின் மேல் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டான். “அப்பால?”

நான் என் மனைவி பிலோமியைக் காட்டினேன்.

முனுசாமி அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சுற்றி நின்ற கூலிக்காரர்களைப் பார்த்தான். “அம்மாவ எந்த டேசனுக்கு புக் பண்ணணும் தொர? மேல எழுதிக்கலாமா, ஒடையற சாமான், பத்திரம்னு?”

மேடை முழுக்கச் சிரிப்பு. பிலோமி துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு டிரைவரின் மகள். பதிலுக்குப் பஞ்சமா?

“அழுகுன சரக்கு இங்க நீ மட்டும் தாண்டா முனுசாமி. உன்ன ஐஸ் போட்டுத்தான் அனுப்பணும்.” பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தாள். “இன்னாங்க இது கூத்து? ஜனம் பாக்குது.”

“ஏறு பிலோமி. ஒரே ஒரு தடவை.”

ஏறப் போனாள். கால் பலகைக்கு மேல் அந்தரத்தில் நின்றுவிட்டது.

“ஒடஞ்சிடப் போவுதுங்க...”

“நங்கூரம் ஏத்துற தராசும்மா இது!” என்றான் முனுசாமி.

அவள் சிரித்தாள். ஆனாலும் கால் இறங்கவில்லை. ஒல்லியான பெண்மணி. நங்கூரம் தாங்கும் இரும்பு தன்னைத் தாங்காது என்று மனதார நம்புகிறாள். அந்த நம்பிக்கையை அவளுக்குக் கொடுத்தவன் நான். இந்த வாரம் நான் சொல்ல வந்தது அதைத்தான்.

அவள் தராசின் ஓரத்திலேயே நிற்கட்டும். நாம் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம்.

* * *

எண்ணூருக்கு அப்பால் உள்ள உப்பளங்களில் நான் மேற்பார்வை உத்தியோகம் பார்த்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். ராயபுரத்திலிருந்து தினமும் அங்கே போய் வர ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினேன். சீமைக்குத் திரும்பிப் போன கப்பல் துரை ஒருவர் விட்டுப் போனது. இடது பக்கம் ஒரு சைடுகார்... தொட்டில் மாதிரி, படகு மாதிரி.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினால், இப்போதும் அந்த ரோடுதான் வருகிறது. விடியாத நேரம். தண்டையார்பேட்டையில் ஒரு தேநீர்க் கடை விளக்கு. திருவொற்றியூர் கோபுரம் இருட்டைவிடக் கொஞ்சம் கறுப்பாக. அதற்கப்புறம் வீடுகள் இல்லை. வலது பக்கம் கடல், தெரியாது, மூச்சு மட்டும் கேட்கும். இடது பக்கம் கால்வாயும் உப்பளமும். பொழுது புலரும்போது பாத்திகளில் வானம் இறங்கிப் படுத்திருக்கும். மேலே ஒரு வானம், கீழே சதுரம் சதுரமாக வெட்டி வைத்த இன்னொரு வானம். நடுவில் ஒரு ரோடு. அதில் நான்.

வண்டி ஓடுகிறதா, மிதக்கிறதா?

அதைத் தீர்மானிப்பது ஸ்பிரிங். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் நடுவே ஒரு சுருள் ஸ்பிரிங். அதன் பக்கத்தில் ஒன்றோடொன்று உராயும் தட்டுகள். கையால் திருகும் ஒரு குமிழ். குமிழை இறுக்கினால் வண்டி அடங்கும், ஹாண்டில் சொன்னபடி கேட்கும். ஆனால் ரோட்டிலுள்ள ஒவ்வொரு கல்லும் மணிக்கட்டுக்கு வந்து பேர் சொல்லிவிட்டுப் போகும். தளர்த்தினால் கல் தெரியாது. ஆனால் வளைவில் வண்டி யோசிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அதைத் தேடியே பல காலைகள் கழிந்தன. காற்றின் ஈரத்தைப் பொறுத்து அந்த இடம் நகரும் என்றுகூட நம்பினேன். பைத்தியம் என்பீர்கள். ஆமாம், இனிமையான பைத்தியம்.

ஆரம்பத்தில் ஞாயிறு தோறும் மாதா கோயில் பூசை முடிந்ததும் பிலோமி சைடுகாரில் ஏறிக்கொள்வாள். எண்ணூர் முகத்துவாரத்தில் அவள் அக்காள் வீடு. போகும்போது அவள் பக்கம் உப்பளம். திரும்பும்போது அவள் பக்கம் கடல். அதனால் அவளுக்குப் போவதைவிடத் திரும்புவதுதான் பிடிக்கும். முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல், வாயைக் கொஞ்சம் திறந்தபடி கடலைப் பார்த்துக்கொண்டே வருவாள். தூங்கும் குழந்தையின் முகம் மாதிரி இருக்கும்.

மற்ற ஆறு நாளும் சைடுகார் காலி. காலி சைடுகார் பொல்லாதது. இடது வளைவில் அதன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். வண்டியே கவிழப் பார்க்கும். பாரம் வேண்டும். மற்ற ஊரில் மணல் மூட்டை வைப்பார்கள். நான் உப்பளத்துக்காரன். மண் கலந்து விற்க முடியாமல் குவித்துப் போட்ட உப்பு மலையாகக் கிடக்கிறது. ஒரு முழு மூட்டையைக் கட்டி சைடுகாரில் உட்கார வைத்தேன்.

ஆஹா! வண்டி என்ன அமைதி! வளைவில் என்ன பணிவு! ஆனால் பாரத்துக்கு ஸ்பிரிங் அதிகமாக இறங்கியது. சைடுகாரின் ஸ்பிரிங் இரும்புப் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது. தண்டையார்பேட்டைக் கொல்லனிடம் சொல்லி இன்னும் ஒரு தடித்த பட்டையைச் சேர்த்துக் கட்டினேன். இப்போது மூட்டை அசையவே அசையாது.

ஞாயிற்றுக்கிழமை மூட்டையை இறக்கிவிட்டு அந்த இடத்தில் பிலோமி உட்கார்ந்தாள்.

மூட்டைக்கு இறுக்கி வைத்த ஸ்பிரிங்கில் ஒல்லிப் பெண் உட்கார்ந்தால் என்ன ஆகும்? பலகையில் போட்ட பட்டாணி மாதிரிதான். திருவொற்றியூருக்குள்ளேயே அவள் பல்லைக் கடித்துக்கொண்டுவிட்டாள்.

“இன்னாங்க, இந்த வண்டி எனக்குச் செஞ்சதா, உங்க மூட்டைக்குச் செஞ்சதா?”

நான் சிரித்தேன். வளைவில் வண்டி நிலைக்க வேண்டுமானால் பட்டை கடினமாக இருக்க வேண்டும் என்று விளக்கினேன். ரொம்ப நன்றாக விளக்கினேன். அடுத்த வாரம் அவள் இரண்டு தலையணையோடு வந்தாள். அதற்கும் சிரித்தேன்.

யோசித்துப் பாருங்கள். அந்த மூட்டையின் எடை எனக்கு ராத்தல் கணக்கில் தெரியும். என் மனைவியின் எடை தெரியாது. கேட்டதில்லை.

* * *

உப்பு அழும். கடற்காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து இரவெல்லாம் கசியும். உப்பளத்தில் நேற்றுச் சேர்ந்தவனுக்குக்கூட இது தெரியும். நான் ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கியவன். அந்தப் பாடத்தை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற உத்தியோகம். ஆனால் என் சைடுகாரில் இருந்தது என் கண்ணுக்கு உப்பாகத் தெரியவில்லை. பாரமாகத் தெரிந்தது.

உப்பளத்து மேஸ்திரி எல்லப்பன் ஒரு நாள் சைடுகாருக்கு அடியில் குனிந்து பார்த்தான். சொட்டுச் சொட்டாக ஈரம்.

“இன்னா தொர, பொட்டில கொயந்த கீதா? நனச்சிக்கினு கீதே!”

“போய் வேலையைப் பார்டா.”

“துணிய மாத்துங்க தொர, சளி புடிச்சிக்கும்.” சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டு போனான். இன்னொரு நாள், “நாங்க ஒரு கை அள்ளிக்கினா உள்ள போட்ருவீங்க. நீங்க மூட்டையோட ஊர்கோலம் போறீங்க. படிச்சவங்க படிச்சவங்கதான் தொர” என்றான். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன்.

சிரிப்புக்கு நடுவே, பட்டைகளின் இடுக்கில் உப்புத் தண்ணீர் உட்கார்ந்து தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது பிலோமியின் மடியில் ஒரு கூடை நண்டு. அக்காள் கொடுத்தது. எர்ணாவூர் தாண்டி மணல் ஏறிய ஓர் இடது வளைவு. எனக்குப் பிடித்த வளைவு அது. அங்கே நான் வேகத்தைக் குறைப்பதில்லை. அன்றைக்கும் குறைக்கவில்லை.

ஒரு சத்தம். விறகு ஒடிவது போல. அவ்வளவுதான். சைடுகார் ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது.

வண்டியை நிறுத்தித் திரும்பினேன். பிலோமி ரோட்டோர மணலில் கிடந்தாள். இடது கை உடம்புக்கு அடியில். கூடை கவிழ்ந்திருந்தது. நண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, அவசரமே இல்லாமல், பக்கவாட்டில் நடந்து கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அந்த நண்டுகள் இன்றைக்கும் என் தூக்கத்தில் நடக்கின்றன. எத்தனை தடவை பார்த்தாலும் கடலைப் போய்ச் சேருவதில்லை.

அவள் என்னைப் பார்த்து முதலில் கேட்டது என்ன தெரியுமா? கையைப் பற்றி அல்ல.

“நான்தான் கனம் பூட்டேனா? நண்டுக் கூட வேணான்னு சொல்லியிருக்கணும்...”

நான் சைடுகாருக்கு அடியில் குனிந்தேன். பட்டைகள் காவி நிறத் துருவாக இருந்தன. விரல் பட்டதும் அப்பளம் போல உதிர்ந்தன. ஒரே நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. மூட்டை, ஈரம், எல்லப்பனின் கேலி, எல்லாம்.

நிமிர்ந்தேன். “இல்லை” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மறுவாரம் அந்த உடைந்த பட்டைகளை முகத்துவாரத்துத் தண்ணீரில் எறிந்தேன்.

கை கூடியது, கோணலாக. அதற்குப் பிறகு அது தோளுக்கு மேல் எழுவதில்லை. தலை பின்ன எட்டாது. மகள் கல்யாணமாகிப் போகும்வரை அவள்தான் கொண்டை போட்டுவிட்டாள்.

இதோடு நின்றிருந்தால்கூடக் கோழைத்தனம் என்று ஒரு பெயர் சொல்லி முடித்திருக்கலாம். நிற்கவில்லை. அந்த வருடக் கோயில் திருவிழாவில் நண்பர்கள், “என்னப்பா, சைடுகார் எப்படி உடைந்தது?” என்று கேட்டார்கள். நான் சொன்னேன்: “என்ன செய்வது? நம்ம வீட்டம்மா ஏறினால் இரும்பே தாங்கவில்லை!”

எல்லோரும் சிரித்தார்கள். பிலோமியும் சிரித்தாள். கட்டுப் போட்ட கையோடு.

அந்த நகைச்சுவை நன்றாகப் போனது. ஆகவே அதை அடிக்கடி சொன்னேன். கொஞ்ச நாளில் அவளே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தாள். ராத்திரிச் சாப்பாட்டை எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியாது. “பசிக்கல” என்பாள். நம்பினேன். எண்ணூருக்கு ரயிலில் போக ஆரம்பித்தாள். “எனக்கு ரயில்தாங்க புடிக்குது” என்பாள். அதையும் நம்பினேன். நம்புவது எவ்வளவு சௌகரியம்!

கழற்றிப் போட்ட சைடுகாரைக் கொல்லைப்புறத்தில் கோழிகள் எடுத்துக்கொண்டன.

* * *

சனிக்கிழமை தோறும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன் நான். அந்தச் சின்ன ஜன்னல் வழியாகக் கோபம், பொய், பொறாமை எல்லாம் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை. ஒரு வேடிக்கைப் பேச்சைப் பாவம் என்று எதற்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பேத்தியின் ஞானஸ்நானம் வந்தது. கோயில் வாசலில் உச்சி வெயில். எங்கள் இருவருக்காக மகன் ஒரு ரிக்ஷா பிடித்து வந்தான். ரிக்ஷா இழுப்பவன் எலும்பும் தோலுமாக ஒரு மனிதன். பிலோமி அவனைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

“நான் ஏறுனா உன் வண்டி ஒடஞ்சிடும் நைனா. இரும்பே தாங்கலியாம், கேட்டுப் பாரு இவர! நீ அவர ஏத்திக்கினு போ.”

பிள்ளைகள், பேரன்கள், சம்பந்திகள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் கோணல் கையால் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடக்க ஆரம்பித்தாள்.

அது என் வாக்கியம். என் வாயிலிருந்து புறப்பட்டு, இத்தனை வருடம் அவள் வாயில் குடியிருந்துவிட்டு, அன்றைக்கு என் எதிரே வந்து நின்றது. நானும் ரிக்ஷாவில் ஏறவில்லை. பின்னாலேயே நடந்தேன். அவள் நிழல் எவ்வளவு மெல்லியது என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போனேன்.

அதற்கடுத்த சனிக்கிழமைதான் பார்சல் ஆபீஸ்.

* * *

கடைசியில் அவள் ஏறினாள். தராசு உடையவில்லை.

முனுசாமி குண்டை இந்தப் பக்கம் தள்ளினான். இன்னும் தள்ளினான். மூட்டைக்குப் போட்ட சாக்கட்டிக் கோட்டை விட்டு வெகுதூரம் வந்த பிறகுதான் தண்டு சமமானது. எத்தனை ராத்தல் என்று எழுதமாட்டேன். எழுதினால் எனக்கு இன்று ராத்திரிச் சாப்பாடு கிடையாது. மூட்டையில் முக்கால்கூட இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

“பாத்தியா பிலோமி? அந்த மாதிரி மூட்டையைத்தான் வாரம் ஆறு நாளும் அந்த ஸ்பிரிங் சுமந்தது.”

அவள் கோட்டைப் பார்த்தாள். குண்டைப் பார்த்தாள். பிறகு நியாயம் கேட்கிற குரலில் சொன்னாள்:

“அன்னிக்கு மடில நண்டுக் கூட இருந்திச்சே.”

முனுசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நல்லவன். அனுப்பக் காத்திருந்த மீன்கூடை ஒன்றைத் தூக்கி அவள் கையில் கொடுத்தான். ஐஸ் தண்ணீர் அவள் புடவையில் ஒழுகியது. குண்டு கொஞ்சம் நகர்ந்தது. கோட்டைத் தொடவில்லை.

“அப்ப... எப்பிடி ஒடஞ்சிச்சி?”

சொன்னேன். மேடையிலேயே, கூடை அவள் கையிலிருக்கும்போதே சொன்னேன். உப்பு, ஈரம், துரு. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது. திருவிழாவில் செய்த வேடிக்கை. எல்லாவற்றையும். முனுசாமி தராசுத் தண்டைத் துடைக்க ஆரம்பித்தான், அதில் துடைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும்.

அவள் கூடையை இறக்கி வைத்தாள்.

“இத்தினி வருசம்” என்றாள். “இத்தினி வருசம் நான் இன்னான்னு நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுமா? அக்கா குடுத்த நண்டுக்கு ஆசப்பட்டு என் கைய நானே ஒடச்சிக்கினேன்னு. அக்கா சாவற வரிக்கும் அவ வூட்ல நான் ஒரு வாய் துன்னல. ஏன்டின்னு கேட்டுக்கினேதான் செத்தா. நீ பாத்துக்கினுதான இருந்தே? உனக்குத் தெரியும்தான?”

கல்யாணமான நாளிலிருந்து என்னை ‘நீங்க’ என்று கூப்பிட்டவள். ‘நீ’ என்று சொன்னதை அவளே கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். சரியான சொல்தான் என்று பட்டது.

“தெரியும்” என்றேன்.

அவள் நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

* * *

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சில்லை. சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. ஆனால் அன்று ராத்திரியே ஒன்று நடந்தது. எனக்குப் பரிமாறிவிட்டு, எதிரே ஒரு தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நிறையச் சோறு போட்டுக்கொண்டாள். மீன்துண்டு இரண்டு. என்னை ஒரு தடவைகூடப் பார்க்காமல், நிதானமாக, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள்.

சில நாள் கழித்து ஒரு காலையில் கொல்லையில் கோழிகளின் கூச்சல். எட்டிப் பார்த்தேன். சைடுகாரில் அடை காத்துக்கொண்டிருந்த கோழியை முட்டைகளோடு ஒரு கூடைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

“ஸ்பிரிங்கு போடு” என்றாள். அவ்வளவுதான்.

போட்டேன். கொல்லனிடம் போய்ப் புதுப் பட்டைகள் அடித்து வந்தேன். அந்தத் தடித்த பட்டை இல்லாமல். இடையில் கிரீஸ் பூசி, மேலே தோல் உறை தைத்துக் கட்டினேன். பிறகு சைடுகாரை மறுபடி வண்டியோடு பூட்டி, அவளை ஏறி உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். சைடுகாரின் விளிம்பை அமுக்கிவிட்டேன். அமுக்கிவிட்டால் ஒரு தடவை எழும்பி, பாதி இறங்கி நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் ஆடினால் தளர்வு. எழும்பவே யோசித்தால் இறுக்கம். மோட்டார் சைக்கிள் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. புத்தகம் சொல்லாத ஒன்றை முதல் தடவையாகச் செய்தேன். உட்கார்ந்திருப்பவளைக் கேட்டேன்.

“எப்படி இருக்கு?”

“முதுகுல தட்டுது.”

ஒரு பட்டையைக் குறைத்தேன். “இப்போ?”

“இப்ப ஆடுது. போட்ல போறாப்ல கீது.”

“வேண்டாமா?”

“வேணான்னு யாரு சொன்னா?”

அப்படியே விட்டேன். முன் ஃபோர்க்கின் குமிழையும் தளர்த்தினேன். இனி வளைவில் வண்டி யோசிக்கும். யோசிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எண்ணூர் ரோட்டில் புறப்பட்டோம். பகல்தான், ஆனாலும் கனவில் போவது போலத்தான் இருந்தது. சைடுகாரின் சக்கரம் எழும்பி எழும்பித் தாழ்ந்தது. உள்ளே அவள் தலை ஒரே மட்டத்தில் வந்துகொண்டிருந்தது, தண்ணீரில் மிதக்கும் பூ மாதிரி. உப்பளத்தில் எல்லப்பன் நின்றான். இப்போது பல் இல்லை, கேலி இருக்கிறது.

“இன்னா தொர, மூட்டைய மாத்திட்டீங்களா?”

“மாத்தலய்யா” என்றாள் பிலோமி. “மூட்டைய எறக்கி வெச்சிட்டாரு. அதுக்கு இத்தினி வருசமாச்சி.”

திரும்பும்போது கடல் அவள் பக்கம் வந்தது. எர்ணாவூர் வளைவு நெருங்கியது. குமிழ் தளர்ந்திருக்கிறதே, வேகம் கூடாது. குறைத்தேன். இன்னும் குறைத்தேன். பின்னால் வந்த மாட்டு வண்டி எங்களைத் தாண்டியது.

“இன்னா நைனா, எண்ண தீந்து பூச்சா? கயிறு குடு, மாட்டுல கட்டிக்கினு போறேன்!”

“நீ போய்யா, மாடு நிக்குது” என்றாள் பிலோமி. என் பக்கம் பார்க்காமல், “இங்க நிறுத்து” என்றாள்.

நிறுத்தினேன். அவள் இறங்கி, ரோட்டோர மணலில் கொஞ்ச நேரம் நின்றாள். காலால் மணலைத் தள்ளிப் பார்த்தாள். என்ன தேடினாள்? பிறகு ஏறிக்கொண்டாள். முக்காட்டை நல்ல கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அந்தப் பழைய முகம்... நான் ரோட்டைத்தான் பார்க்க வேண்டும், பார்க்க முடியவில்லை.

மன்னித்துவிட்டாளா? அப்படி எழுத எனக்கு ஆசைதான். எனக்குத் தெரியாது.

ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் மறுபடியும், “நிறுத்து.”

நேராகப் பார்சல் மேடைக்கு நடந்தாள். நான் பின்னால். முனுசாமி எங்களைக் கண்டதும் எழுந்து நின்றான். “இன்னாம்மா, இன்னிக்கு யார புக் பண்ணணும்?”

அவள் என்னைக் காட்டினாள்.

“தொரய விக்கப் போறியாம்மா?”

“வெல வருமான்னு பாக்க வேணாமா?” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நேராக, அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக.

“ஏறு. உன் கனம் இன்னான்னு நானும் ஒரு தபா பாக்கறேன்.”

ஏறினேன். முனுசாமி குண்டை நகர்த்தினான். அது எங்கே போய் நின்றது என்று நான் பார்க்கவில்லை... அவள் பார்த்தாள்.